மலையகத்துக் குடும்ப வரலாற்றை எழுதி வைப்பது: எதைக் கேட்க வேண்டும், எங்கே தேட வேண்டும்?

பசறைப் பேத்தி

வணக்கம். எங்கள் அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. இலங்கை மலையகத்தில், பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்தெடுத்து, அங்கேயே பென்சன் வாங்கியவர். ஞாபகம் நன்றாக இருக்கிறது. கேட்டால் பேசுகிறார், சில விசயங்களைத் தவிர. இந்த வருசம் எங்கள் குடும்ப வரலாற்றை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம்மைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தேன். ஒரு பக்கம் அட்டைக்கடி, கண்ணீர், இருண்ட லயம் (வரிசை வீடு). இன்னொரு பக்கம் சுற்றுலா விளம்பரத்தில் கூடையோடு சிரிக்கும் பெண். எங்கள் அப்பாயி இந்த இரண்டு படத்திலும் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நின்றவர் அவர். கணக்கப்பிள்ளைகளுக்கு அவரிடம் கொஞ்சம் பயம் இருந்திருக்கிறது. அந்த மனுசியை எப்படி எழுதுவது?

மூன்று கேள்விகள். இந்தியாவில் எந்த ஊர் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? என்னென்ன ஆவணங்கள் கிடைக்கும்? வீட்டில் பேச விரும்பாத விசயங்களை என்ன செய்வது?

மாத்தளை ஆசிரியர்

நல்ல காரியம் தங்கச்சி. நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்திலிருந்தே பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வந்தேன். செய்தவர்கள் குறைவு.

முதலில் ஊர். நம் ஆட்களை அழைத்து வந்தது பெரும்பாலும் கங்காணிமார். கங்காணி தன் ஊரிலும் சொந்தத்திலும் சுற்றுவட்டத்திலும்தான் ஆள் சேர்த்தார். அதனால் ஒரு கங்காணியின் பேரில் வந்தவர்கள் ஒரே தோட்டத்தில், பல சமயம் அடுத்தடுத்த லயங்களில் குடியேறினார்கள். உங்கள் வீட்டில் ஊர்ப் பெயர் மறந்து போயிருந்தால் பக்கத்துக் காம்பராவில் (லய அறையில்) கேளுங்கள். அவர்கள் ஊர் முசிறி என்றால் உங்கள் ஊரும் அந்தப் பக்கமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. முசிறி, நாமக்கல், ஆத்தூர், துறையூர், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். இராமநாதபுரம், மதுரை, தஞ்சாவூர், ஆற்காட்டுப் பக்கம் வேர் உள்ளவர்களும் உண்டு.

இரண்டாவது, குலதெய்வம். ஊர்ப் பெயர் போனாலும் சாமி பெயர் போகாது. பல குடும்பங்கள் ஊர்க்கோயில் பிடிமண்ணைக் கொண்டுவந்துதான் தேயிலை மலையில் சாமியை வைத்தார்கள். எந்தச் சாமி, என்ன படையல், யாருக்கு மருள் வரும், எந்த மாதம் கும்பிடு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே பெயரில் நூறு சாமி இருக்கும், ஆனால் படையலும் துணைத்தெய்வங்களும் ஊருக்கு ஊர் மாறும். அதை வைத்து அந்த வட்டாரத்து ஆட்களிடம் விசாரிக்கலாம்.

மூன்றாவது, எந்தக் காலத்தில் வந்தார்கள் என்பது. 1823இலிருந்து கணக்கு வைக்கிறோம், அது கோப்பித் தோட்டக் காலம். அப்போது வந்தவர்கள் கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அம்மையிலும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் எத்தனை ஆயிரம் என்று சரியாக எழுதி வைக்க ஆளில்லை. கோப்பி அந்தந்தப் பருவத்து வேலை. அறுவடை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்து, பிறகு தேயிலை பரவிய பின்தான் வருசம் முழுக்க வேலை, குடும்பத்தோடு குடியிருப்பு என்றானது. ஆகவே உங்கள் வீட்டில் “நடந்து வந்தோம்” என்ற பேச்சு இருந்தால் ஒரு காலம், “மண்டபம் கேம்பில் நிறுத்தி வைத்தார்கள்” என்ற பேச்சு இருந்தால் வேறொரு காலம், “தட்டப்பாறை” என்றால் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறிய வழி. கழுத்திலோ கையிலோ தகரத் துண்டு கட்டி அனுப்பினார்கள் என்றால் அது 1900க்குப் பிந்திய சங்கதி. அப்பாயியின் தாத்தா எந்த வழியில் வந்தார் என்று கேட்டுப் பாருங்கள். வருசம் தெரியாதவர்களுக்கும் வழி தெரிந்திருக்கும்.

கம்பளைக் கடுதாசி

சேர் சொன்னதோடு ஆவணங்களைப் பற்றி நான் சேர்க்கிறேன். பழைய காகிதங்களைப் பாதுகாப்பதுதான் என் வேலை.

வீட்டில் உள்ள டிரங்குப் பெட்டியை முதலில் திறவுங்கள். பிறப்புச் சான்றிதழ், குடியுரிமை விண்ணப்பம் சம்பந்தமான கடிதங்கள், சங்கத்துச் சந்தா அட்டை, சம்பளத் துண்டு, இந்தியக் கடவுச்சீட்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதையும் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் மூன்று தலைமுறைப் பெயரும் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் (தோட்டத்தின் பிரிவும்) இருக்கும். அரசாங்கக் காகிதத்தைவிட அது பல நேரம் சரியானது.

1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்த குடும்பமா என்று பாருங்கள். 1946க்கு முன் விடாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவருக்கு 7 வருசம், மற்றவருக்கு 10 வருசம். அதை நிரூபிக்க எந்தெந்தத் தோட்டத்தில் எப்போது வேலை செய்தோம், பிள்ளை எங்கே பிறந்தது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். 8 இலட்சம் பேருக்கு மேல் அந்த விண்ணப்பங்களில் அடங்கினார்கள். குடியுரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. நிராகரித்த அதே காகிதத்தில்தான் இன்று நம் குடும்பக் கதை இருக்கிறது. பிரதி எதுவும் வீட்டில் இருந்தால் அதுதான் உங்களிடம் உள்ள பெரிய சொத்து.

பிறப்புப் பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் பிறந்த பிள்ளையைத் தோட்ட நிர்வாகம்தான் பதிவாளருக்கு அறிவித்தது. பெயரை எழுதியது ஆபீஸ் கிளாக்கர். கூப்பிடும் பெயர் ஒன்று, எழுதிய பெயர் ஒன்று. ஒரே தகப்பனின் பெயர் மூன்று பிள்ளைகளின் சான்றிதழில் மூன்று விதமாக இருப்பது சாதாரணம். “இது நம்ம ஆள் இல்லை” என்று அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். தோட்டத்துக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம்மவர் வாயில் ஒரு பெயர். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரைபடத்தில் தேடவே முடியாது.

பாதுகாப்பு: லேமினேட் பண்ணாதீர்கள், தயவுசெய்து. பிளாஸ்டிக்கும் சூடும் சேர்ந்து காகிதத்தைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. ஸ்டேப்பிள் ஊசியை மெதுவாக எடுத்துவிடுங்கள், நம் ஈரத்துக்கு அது துருப்பிடித்துத் தின்றுவிடும். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். அடுப்புப் புகை படாத இடத்தில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மென்மையான பென்சிலால் மெதுவாக எழுதினால் போதும்.

சாமிமலை

எல்லாம் சரி. ஆனால் பேத்தி கேட்ட முக்கியமான கேள்வியை யாரும் தொடவில்லை. அந்த மனுசியை எப்படி எழுதுவது?

நம் வரலாற்றை எழுதுகிறவர்கள் நம்மிடம் வேலை தெரிந்த கைகள் இருந்தன என்பதை எழுதுவதே இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது சும்மா கத்தியை வீசுவதா? எந்த உயரத்தில், எந்தச் சரிவில், எந்தக் கிளையை விட்டு எந்தக் கிளையை எடுக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் செடி பட்டுப்போகும். என் அப்பா கவ்வாத்து வெட்டிய மலையை வேறு டிவிசன்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்த என் சித்தப்பா வாடப் போட்ட கொழுந்தைக் கையால் அளைந்தே பதம் சொல்வார். டீமேக்கர் அவரைக் கேட்டுவிட்டுத்தான் உருட்டுக்கு அனுப்புவார். இதெல்லாம் எந்த அறிக்கையில் இருக்கிறது?

அப்புறம் காமன்கூத்து. மாசியில் கம்பம் ஊன்றி, இரவிரவாக ரதி மதன் கதையைப் பாடிக் கடைசியில் காமனை எரிப்பது வரைக்கும் முழுப் பாட்டையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எல்லாம் அப்படித்தான். லயத்தில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, இருபது பேர் சுற்றி உட்கார்ந்து அரசியல் பேசியிருக்கிறார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் சூட்டில் செத்தது வேலைநிறுத்தத்தின்போது. 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் செத்தது தோட்டக் காணியைப் பறிக்க வந்ததை எதிர்த்து நின்றபோது. இந்த ஆட்களைப் “பாவப்பட்ட ஜனங்கள்” என்று ஒரே வார்த்தையில் முடிப்பதை என்னால் சகிக்க முடியவில்லை.

குடும்ப வரலாறு எழுதினால் இதை எழுதுங்கள்: அவருக்கு என்ன தெரியும்? எதில் அவர் கெட்டிக்காரர்? யாரோடு சண்டை போட்டார், எதற்காக?

நெலாக்கோட்டை

நான் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம். இழையைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது, அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா 1970களின் தொடக்கத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இங்கே வந்தவர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். 1964 ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் அதன் அர்த்தம் என்னவென்றால் அப்பாவும் சித்தப்பாவும் இங்கே, அத்தை அங்கே. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகம்) தோட்டத்தில் வேலை. இங்கே வந்தும் அதே தேயிலை, அதே லயம். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் சிலோன்காரர்கள். அங்கே இருந்தவரை இந்தியாக்காரர்கள்.

என் பிள்ளைகளுக்கு அந்தத் தோட்டத்தின் பெயர் தெரியாது. “கண்டி” என்று மட்டும் சொல்கிறார்கள். அப்பா போன பிறகுதான் நானே கேட்க வேண்டியதைக் கேட்கத் தொடங்கினேன், அம்மாவிடம். கம்பளை அண்ணன் சொன்ன கடவுச்சீட்டு எங்களிடம் இருக்கிறது. கண்டியில் இந்திய உதவித் தூதரகம் கொடுத்தது. குடும்ப அட்டையும் இருக்கிறது, அதில் எல்லாருடைய பெயரும் வயதும் உண்டு. அத்தை எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு. 1984இல் கப்பல் நின்றது, அதற்குப் பிறகு கடிதமும் குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

தாயகம் திரும்பியோர் எல்லாரும் நீலகிரிக்குத்தான் வந்தார்கள் என்று இல்லை. கன்னியாகுமரி ரப்பர் தோட்டம், கேரளாவில் புனலூர், கர்நாடகாவில் சுள்ளியா, ஆந்திராவில் நூற்பாலைகள் என்று சிதறிப் போனார்கள். இலங்கையில் இருக்கிறவர்கள் குடும்ப மரம் போடும்போது “இந்தியாவுக்குப் போய்விட்டார்” என்று எழுதி அந்தக் கிளையை முடித்துவிடாதீர்கள். எந்த வருசம், எந்த முகாம், எந்த மாநிலம் என்று ஒரு வரி எழுதினால் எங்களைப் போன்றவர்கள் என்றாவது தேடி வந்து பிடித்துக்கொள்ளலாம்.

வவுனியா வடக்கு

எங்கள் கிளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு மலையிலிருந்து இறங்கி இங்கே வந்தார். காடு வெட்டி, கிணறு வெட்டி, நிலம் பண்படுத்திய ஆட்களில் கணிசமானவர்கள் மலையகத்தவர்கள். பிறகு யுத்தம். எத்தனை முறை இடம்பெயர்ந்தோம் என்று தாத்தாவே கணக்கை விட்டுவிட்டார். டிரங்குப் பெட்டி எப்போதோ போய்விட்டது. எங்களிடம் ஒரு கடுதாசியும் இல்லை.

காகிதம் இல்லாதவர்கள் என்ன செய்வது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். தாத்தாவை உட்கார வைத்து லயத்தை வரையச் சொன்னோம். முன்வரிசை, பின்வரிசை, முதல் காம்பராவில் யார், இரண்டாவதில் யார், பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்) எந்தப் பக்கம், புள்ளக்காம்பரா (பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்) எங்கே, கோயில் எங்கே, எந்த வாசலில் கோழிக்கூடு. “குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்க” என்றபோது நாலு வார்த்தையோடு நிறுத்தியவர், படம் வரையத் தொடங்கியதும் பேசித் தீரவில்லை. ஒவ்வொரு காம்பராவுக்கும் பெயர், பெண் எடுத்த இடம், போன இடம், செத்த விதம் எல்லாம் வந்தது. 10க்கு 12 அடி அறை என்பதால் ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுத்தார்கள், யார் இஸ்தோப்பில் (திண்ணையில்) படுத்தார் என்பதும் தெரிய வந்தது. அந்தப் படத்தை வைத்து, எங்களைப் போலவே இங்கே வந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் தங்கள் ஆட்களையும் அடையாளம் கண்டார்கள்.

மாத்தளை ஆசிரியர்

இது அருமையான வழி. ஒரு லயத்தின் படம் ஒரு கிராமத்தின் பதிவேடு மாதிரி.

ஹட்டன் ஸ்டேசன்

ஒன்று சொல்லட்டுமா. இதுவரை எழுதியதில் தாத்தா, அப்பா, சித்தப்பா, கங்காணி எல்லாரும் வந்துவிட்டார்கள். கொழுந்தெடுத்தது பெண்கள். தோட்டத்துக்குக் காசைக் கொண்டுவந்த கைகள் அவர்களுடையவை. அவர்கள் சம்பளத்தைப் புருசன் போய்க் கையெழுத்து வைத்து வாங்கிய காலமும் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

பேத்தி, அப்பாயியிடம் பேசும்போது பக்கத்தில் ஆம்பிளைகள் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்வார்கள். கதிரையில் உட்கார வைத்துப் போனை நீட்டினால் அவர் பேச்சு கூட்டத்தில் பேசுகிற பேச்சாக மாறிவிடும். ரொட்டி தட்டும்போது கேளுங்கள், முடிந்தால் அவர் வேலை செய்த மலைக்கே கூட்டிப்போங்கள். எந்த நம்பர் மலையில் பாறை வழுக்கும், எங்கே குளவி கூடு கட்டும், எங்கே நின்றால் கங்காணிக்குத் தெரியாமல் பேசலாம் என்று இடமே ஞாபகப்படுத்தும்.

பாட்டைக் கேளுங்கள். முக்கியமாக ஒப்பாரி. ஒப்பாரியில் பிறந்த ஊர், தாய்மாமன் சீர், அண்ணன்மார் பெயர், வந்த வழி எல்லாம் வந்துவிடும். நேரடியாகக் கேட்டால் ஞாபகம் இல்லை என்பவர்கள் ராகத்தோடு தொடங்கினால் வரிசையாகச் சொல்வார்கள். வீட்டுக்குள் ஒப்பாரி பாட விருப்பமில்லை என்று சிலர் சொல்வார்கள், அபசகுனம் என்று. அப்போது வற்புறுத்த வேண்டாம், வெளியே ஆற்றங்கரைப் பக்கம் கேட்கலாம். தோட்டத்துப் பாடல்களை அக்கறையோடு திரட்டியவர்களில் சி.வி. வேலுப்பிள்ளை முன்னோடி. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடித்தான் பெண்களைத் திரட்டினார். நம் பெண்கள் பாட்டில்தான் அரசியலும் பேசினார்கள், மாமியாரைப் பற்றியும் பேசினார்கள்.

தாய்வழியையும் மறக்காதீர்கள். நம் வீட்டுக் குடும்ப மரங்களில் கல்யாணமாகிப் போன பெண்கள் ஒரு கோட்டோடு காணாமல் போகிறார்கள்.

பசறைப் பேத்தி

எல்லாருக்கும் நன்றி. லயப்படத்தை நேற்றே தொடங்கிவிட்டேன். அப்பாயி என் படத்தைப் பார்த்துவிட்டு, பீலி தப்பான பக்கம் இருக்கிறது என்று பேனாவைப் பிடுங்கித் தானே போட்டார்.

இப்போது கஷ்டமான விசயத்துக்கு வருகிறேன். அப்பாயியின் தாத்தா கங்காணி. பெரியப்பா அதைப் பெருமையாகச் சொல்கிறார். ஆனால் அப்பாயி சொல்கிறார், அவருக்குக் கடன்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அதே தோட்டத்தில் இருக்கிறார்கள், அவர்கள் வாயில் அந்த மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை வராது என்று. எழுதினால் பெரியப்பா கோபிப்பார். எழுதாவிட்டால் அது என்ன வரலாறு?

சாமிமலை

எழுதுங்கள். நம்மைத் துரைமார் மட்டும் சுரண்டவில்லை. துண்டு, அதாவது ஆளின் கடன் தொகையை எழுதிய சீட்டு, கையில் இல்லாமல் ஒரு ஆள் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். 1921இல் சட்டம் வந்துதான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது.

மாத்தளை ஆசிரியர்

எழுதத்தான் வேண்டும், ஆனால் எந்தக் கங்காணி என்று பிரித்து எழுதுங்கள். பெரிய கங்காணி என்பவர் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குப் பொறுப்பானவர், ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கியவர், சிலர் நிலபுலனும் தோட்டமும் வாங்கினார்கள். சில்லறைக் கங்காணி தன் அண்ணன் தம்பி, மாமன் மச்சானோடு பத்து இருபது பேரைக் கூட்டி வந்து, அவரும் மலையில் நின்று வேலை செய்தவர். பெரிய கங்காணியிடம் அவரே கடன்பட்டிருப்பார். அப்பாயியின் தாத்தா எந்த வகை என்று விசாரியுங்கள். கடன்பட்டவர்கள் வீட்டிலும் போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னதாகவே எழுதுங்கள், பெரியப்பா சொல்வதை அவர் சொன்னதாக எழுதுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இராகலை இளவல்

சாதி? அதை எழுதலாமா கூடாதா? என் அம்மா, எழுதவே கூடாது, மறந்து போகிறதை ஏன் கிளறுகிறாய் என்கிறார்.

சாமிமலை

மறந்து போகவில்லையே தம்பி. கல்யாணப் பேச்சு வந்தால் எல்லாருக்கும் உடனே ஞாபகம் வந்துவிடுகிறது.

ஹட்டன் ஸ்டேசன்

நான் இதில் சாமிமலையோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். வந்தவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். லயம் கொடுத்ததிலேயே பல தோட்டங்களில் சாதி பார்க்கப்பட்டது. தப்படிப்பது யார், கோயிலுக்குள் போவது யார், பீலியில் முதலில் தண்ணீர் பிடிப்பது யார் என்பதெல்லாம் நடந்த விசயங்கள். அதை மறைத்து எழுதினால் அனுபவித்தவர்களின் வாழ்க்கையே மறைந்துபோகும். ஆனால் ஒரு ஆளின் சாதியை அவர் சம்மதமில்லாமல் இணையத்தில் போடுவது அவர் பிள்ளைகளுக்குச் செய்கிற தீங்கு. நடந்ததை எழுதுங்கள், நடத்தப்பட்ட விதத்தை எழுதுங்கள். இன்னார் இன்ன சாதி என்ற பட்டியல் வேண்டாம். வீட்டுக்குள் வைக்கிற பிரதி ஒன்று, வெளியே கொடுக்கிற பிரதி ஒன்று என்று இரண்டாக வைக்கலாம்.

கம்பளைக் கடுதாசி

இரண்டு பிரதி யோசனை நல்லது. வெளியே கொடுக்கிற பிரதியை எங்கே கொடுப்பது என்று கேட்பீர்கள். நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களை எண்ணிமமாக்கிச் சேர்த்து வருகிறது, அங்கே பேசலாம். கம்பளைப் பக்கம் பழைய பீகாக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், 2007இலிருந்து. அங்கே போனால் அப்பாயியையும் கூட்டிப்போங்கள் பேத்தி. கூடை, கவ்வாத்துக் கத்தி, படங்கு (இடுப்பில் கட்டும் விரிப்பு) இவற்றைப் பார்த்ததும் அவரவர் பேசுகிற பேச்சைப் பதிவு செய்ய வேண்டும்.

நெலாக்கோட்டை

1823இன் இருநூறாம் வருச நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் ஆட்கள் நடந்த படங்களை இங்கே போனில் பார்த்தோம். என் அம்மா ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார், அத்தை மகன் யாராவது இருப்பானோ என்று.

பசறைப் பேத்தி

எழுதியதில் ஒரு பகுதியை இங்கே போடுகிறேன். அப்பாயிக்கு வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

“பிறந்த வருசம் அடையாள அட்டையில் 1943. அவர் கணக்கில், ‘சண்டை நடக்கும்போது, அரிசிக்குக் கூப்பன் வந்ததுக்கு அடுத்த மழை’. அட்டையில் உள்ள பெயரை வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. தகப்பனார் 1951இல் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது நிராகரிக்கப்பட்டது. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், கப்பலேறி கோத்தகிரிக்குப் போனார். இவர் எழுதிக் கொடுக்க மறுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, ‘எங்கம்மாவ இந்த மலையிலதான் பொதைச்சிருக்கு’ என்றார். 1988 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான் வாக்குரிமை. முதல் வாக்கைப் போட்டபோது வயது 45க்கு மேல்.

பதினாலு வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தார். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழிப்பார்கள். எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை முந்தானையில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மாதக் கடைசியில் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துத் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் கணக்குச் சொல்வார். ஒரு மாதம் அவர் கணக்கும் செக்ரோல் (வேலை, சம்பளப் பதிவேடு) கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில்) பெண்களை உட்கார வைத்துவிட்டார். அன்று வேலைக்கு யாரும் போகவில்லை. பிறகு தராசைத் திருப்பி வைத்தார்கள், முள் பெண்கள் பக்கம் பார்க்கும்படி.

தாத்தா காமன்கூத்தில் ரதி வேசம் கட்டுபவர். அப்பாயியின் கல்யாணச் சேலையைத்தான் வேசத்துக்குக் கட்டிக்கொண்டு போவார். சேலையில் எண்ணெய்க் கறை பட்டு இருவரும் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள்.

1974. இந்த வருசத்தைப் பற்றி அப்பாயி பேச விரும்பவில்லை.”

கடைசி வரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வருசத்துப் பஞ்சத்தில் அவர் ஒரு பிள்ளையை இழந்தார் என்று சின்ன அத்தை சொல்லித்தான் தெரியும்.

மாத்தளை ஆசிரியர்

அந்த வரி அப்படியே இருக்கட்டும் தங்கச்சி. அவர் பேச விரும்பவில்லை என்பதும் பதிவுதான். அத்தை சொன்னதை வீட்டுப் பிரதியில் அத்தையின் பெயரோடு எழுதுங்கள். வெளிப் பிரதியில் வேண்டாம். அப்பாயி என்றாவது தானாகச் சொன்னால் அப்போது பார்க்கலாம்.

சாமிமலை

தராசுச் சண்டை நடந்தது எந்த டிவிசன், அப்போது துரை யார், தலைவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். அன்று உட்கார்ந்த மற்றப் பெண்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் பேத்திகளுக்கும் அந்தக் கதை சொந்தம்.

நெலாக்கோட்டை

கோத்தகிரிக்குப் போன அண்ணன் எந்த வருசம் கப்பலேறினார் தங்கச்சி? டேன்டீ பழைய ஆட்கள் சிலரை எனக்குத் தெரியும். தகப்பனார் பெயரும் அங்கிருந்து கிளம்பிய தோட்டத்தின் பெயரும் தனியாக எனக்கு அனுப்புங்கள், விசாரிக்கிறேன். நம்மவர் சொல்கிற தோட்டப் பெயரையே அனுப்புங்கள், இங்கே உள்ள பெரியவர்களுக்கு அதுதான் தெரியும்.